பைலோமேட்ரிக்ஸோமா: கீறிச் சுரண்டுவதா, முழுதாக எடுப்பதா?

தோலுக்கடியில் கூழாங்கல் ஒன்று சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். வலி பெரும்பாலும் இருக்காது. நிறம் சில நேரம் தோலின் நிறமே, சில நேரம் லேசான நீலம். மயிர்க்காலின் அடியில் முடியை உருவாக்கும் செல்களிலிருந்து கிளம்பும் இந்தக் கட்டி புற்றல்ல. இருபது வயதுக்குள் வருவதே அதிகம், நடுவயதைத் தாண்டியவர்களிடம் சிறிய எண்ணிக்கையில் மறுபடியும் தலைகாட்டும். கன்னம், காதின் முன்பக்கம், புருவ ஓரம், கழுத்து, மேல்கை ஆகியவை இதன் வழக்கமான இடங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மயிர்க்கால் இல்லை, எனவே அங்கே வராது. 1880-இல் மால்ஹெர்ப், ஷெனந்தே என்ற மருத்துவர்கள் இருவரும் இதை எண்ணெய்ச் சுரப்பியின் கட்டி என்றுதான் விவரித்தார்கள். மயிர்க்காலைக் குறிக்கும் இன்றைய பெயர் 1961-இல் வந்தது.

கொழுப்புக் கட்டி என்றோ தோல் நீர்க்கட்டி என்றோ நினைத்து வருபவர்களே அதிகம். பிரித்தறிய இரண்டு விரல் போதும். இரு பெருவிரல்களால் கட்டியின் மேலுள்ள தோலை எதிரெதிராக இழுத்துப் பிடித்தால், கூடாரத் துணிக்கு அடியில் கம்புகள் முட்டுவது போல முனைகளும் பட்டைகளும் தெரியும். ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் சீசா பலகை போல மேலே எழும். தோல் நீர்க்கட்டி இப்படி நடந்துகொள்ளாது. அது உருண்டையாக, மீள்தன்மையோடு இருக்கும், நடுவில் கரும்புள்ளி ஒன்றும் பெரும்பாலும் தெரியும்.

கண்டுபிடித்த பிறகு வழிகள் மூன்று: விட்டுவைப்பது, சிறிதாகக் கீறி உள்ளிருப்பதைச் சுரண்டி எடுப்பது, உறையோடு முழுதாக வெட்டி எடுப்பது. கார்பன் டை ஆக்சைடு லேசரையும் சிலர் கேட்பார்கள். சுண்ணாம்பேறிய கட்டிக்கு அது ஏற்றதில்லை, பரிசோதனைக்கு அனுப்பத் திசுவும் மிஞ்சாது. அதைத் தள்ளிவிடலாம்.

விட்டுவைப்பதால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் தானாகக் கரையும் என்று காத்திருப்பது வீண். மெதுவாக வளரும், அடிபட்டால் வீங்கும், மேல்தோல் மெலிந்து சில நேரம் புண்ணாகிச் சுண்ணாம்புத் துணுக்குகள் வெளியே வரும். 8 மில்லிமீட்டரில் எடுக்க வேண்டியதை 25 மில்லிமீட்டரில் எடுத்தால் வடுவும் அதற்கேற்ப நீளும். குழந்தை சிறியது, மயக்க மருந்து வேண்டாம், ஓரிரு ஆண்டில் மரப்பு ஊசிக்கே அமைதியாகப் படுக்கும் என்ற கணக்கில் தள்ளிப்போட்டால் மட்டும் அது நியாயமான காத்திருப்பு.

ஆக உண்மையான போட்டி சுரண்டலுக்கும் முழு அகற்றலுக்கும்தான். என் சாய்வு முழு அகற்றலின் பக்கம். காரணம் ஒன்றே: கட்டியின் ஓரம்.

கட்டியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நடுவில் வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த, சாக்பீஸ் போன்ற பொடி. நுண்ணோக்கியில் அது நிழல் செல்கள், அதாவது உட்கரு மறைந்து வெறும் கோட்டுருவம் மட்டும் மிஞ்சிய செத்த செல்கள். சுற்றிலும் சுவரோரமாக நீலநிறமேறிய சிறு செல்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். பெருகுவது இவைதான். 4-5 மில்லிமீட்டர் கீறல் வழியாகப் பிதுக்கினாலும் கியூரெட் என்ற கரண்டி போன்ற கருவியால் வழித்தாலும் முதலில் வருவது நடுவிலுள்ள பொடி. காஸ் துணியில் சாக்பீஸ் துண்டுகள் குவிவதைப் பார்த்து எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றும். உயிருள்ள செல்களோ சுவரில் ஒட்டியபடி உள்ளேயே தங்கக்கூடும். முழுதாக எடுத்தால் திரும்ப வருவது வெளியான தொகுப்புகளில் 0 முதல் 3 சதவீதத்துக்குள் இருக்கிறது. திரும்ப வந்த பலவற்றில் முதல் முறை மிச்சம் விட்டதே காரணம்.

ஓரத்தின் இரண்டாவது வேலை நோய்க்குறியியல் அறிக்கையில் தெரியும். மிக அரிதாக இதே செல்களிலிருந்து புற்றும் வரும். செல் பிரிவின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் சாதாரணக் கட்டியிலும் செல்கள் ஏராளமாகப் பிரிந்துகொண்டிருக்கும். கட்டி ஒழுங்கான எல்லையோடு நிற்கிறதா, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுகிறதா என்பதே தீர்மானிக்கும். டப்பாவில் பத்துத் துணுக்குகளாகப் போனதில் எல்லையை எங்கே தேடுவது? பிள்ளைகளிடம் புற்று வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் நடுவயதைத் தாண்டியவருக்கு வேகமாக வளரும் கட்டி என்றால் சுரண்டலை நினைக்கவே கூடாது.

அறுவைக்கு முன்பே ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்துவிடலாமே என்பார்கள். ஊசியில் அந்த நீலச் செல்கள் மட்டும் ஏறி, நிழல் செல்கள் வராமல் போனால் அறிக்கை புற்று என்று பயமுறுத்தும். இந்தக் கட்டியில் அப்படித் தவறிய அறிக்கைகள் பதிவாகியே இருக்கின்றன. அல்ட்ராசவுண்ட் மேல். வெளிச்சமான புள்ளிகளும் அவற்றின் பின்னே நிழலும் விழுந்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். காதுக்கு முன்னால் உள்ளதை உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டியிலிருந்து பிரிக்கவும் அது உதவும்.

முழு அகற்றலில் கவனம் சிதறும் இடங்கள் சில. 1 சதவீத லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தை, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் 1:1,00,000 அட்ரினலினோடு கட்டியைச் சுற்றிப் போட வேண்டும். உள்ளே செலுத்தினால் அழுத்தத்தில் உறை வெடித்துப் பொடி பரவும். அட்ரினலின் சேர்ந்தால் லிக்னோகெய்னின் மேல்வரம்பு கிலோவுக்கு 7 மில்லிகிராம், 20 கிலோ குழந்தைக்கு 14 மில்லிலிட்டர். இந்த வேலைக்கு 2-4 மில்லிலிட்டரே போதும். தோல் வெளுக்க 7-10 நிமிடம் காத்திருந்தால் ரத்தம் மறைக்காது. மேல்தோல் நன்றாக இருந்தால் தோல் மடிப்புக்கோட்டின் வழியே ஒரு நேர்க்கீறல். தோல் மெலிந்து ஒட்டியிருந்தால் அந்தத் திட்டையும் சேர்த்து நீள்வட்டமாக எடுக்க வேண்டும். திட்டின் அகலம் 5 மில்லிமீட்டர் என்றால் நீளம் 15, அதற்குக் குறைத்தால் இரு முனைகளிலும் தோல் நாய்க்காதாக நிமிரும். ஒட்டிய தோலைக் காப்பாற்ற முயன்று கிழிப்பதுதான் பொதுவான தவறு. கட்டி தோலோடு ஒட்டியிருக்கும், அடியில் நகரும். அடியிலும் ஒட்டியிருந்தால் நிறுத்தி யோசியுங்கள். புருவத்தில் கத்தி முடியின் சாய்வுக்கு இணையாகப் போக வேண்டும். புருவத்தை மழிக்கவும் வேண்டாம்.

பிரிக்கும்போது உறை உடைந்தால் பதற வேண்டியதில்லை. பொடியை உப்புநீரால் கழுவி, சுவரைத் தேடி எடுத்துவிட வேண்டும். தங்கிய துணுக்குகள் பல வாரங்களுக்கு வீக்கம் தரும். அடியில் 5-0 அளவு கரையும் தையல், மேலே முகத்துக்கு அதைவிட மெல்லிய 6-0 நைலான் நூல். முகத்தில் ஐந்தாம் நாளில் பிரிக்கலாம், கையில் 10-14 நாள் விட வேண்டும்.

எடுத்ததை 10 சதவீத ஃபார்மலினில், அளவில் பத்து மடங்கு திரவத்தில் போட்டு, 'சுண்ணாம்பு இருக்கலாம்' என்று படிவத்தில் எழுதி அனுப்புங்கள். எழுதாவிட்டால் மெல்லிய சீவல் எடுக்கும் கத்தியில் கல் சிக்கித் துண்டு சிதறும். சுண்ணாம்பை முதலில் அமிலத்தில் நீக்க வேண்டியிருப்பதால் அறிக்கை சில நாள் தாமதமாகலாம்.

சுரண்டலுக்கும் இடம் உண்டு. முகத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல், தோல் பரவலாக ஒட்டிய கட்டி, முழு நீள்வட்டம் எடுத்தால் கண்ணிமை இழுபடும் என்ற நிலையில் அதுவே நல்ல வழி. பல ஆண்டு பழைய கட்டிகளில் உயிருள்ள செல்கள் ஏறக்குறைய தீர்ந்து நிழல் செல்களும் சுண்ணாம்பும் மட்டுமே மிஞ்சியிருக்கும், அங்கே மிச்சம் விடும் பயமும் குறைவு. தோள், மேல்கை, நெஞ்சு ஆகிய இடங்களில் வடு அகலும், தடித்த வடு எழும்பும் வாய்ப்பு அதிகம். அங்கே சிறு கீறல் ஆசை காட்டுவது நியாயமே. சுரண்டலை ஆதரிக்கும் அனுபவங்கள் பெரும்பாலும் சிறு தொகுப்புகள், பின்தொடர்ந்த காலமும் குறைவு. என் தயக்கத்தையும் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண 1 சென்டிமீட்டர் கன்னக் கட்டிக்கு மட்டும் எனக்குத் தயக்கமில்லை. இரண்டு முறைக்கும் வடுவில் வித்தியாசம் சுமார் அரை சென்டிமீட்டர், அதற்காக ஓரத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஒன்றுக்கு மேல் கட்டிகள் இருந்தால் கத்தியை எடுக்குமுன் குடும்ப வரலாறு கேளுங்கள். மயோடோனிக் டிஸ்ட்ரோபி (இறுகிய தசை எளிதில் தளராத பரம்பரை நோய்), கார்ட்னர் நோய்த்தொகுதி (பெருங்குடலில் ஏராளமான சதை வளர்ச்சிகள் வரும் பரம்பரை நோய்) ஆகியவற்றோடு இது சேர்ந்து வருவதுண்டு. முதலாவது மயக்க மருத்துவருக்கு முக்கியம், ஏனென்றால் அந்த நோயுள்ளவருக்கு சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தி மருந்தைக் கொடுத்தால் தசைகள் இறுகிச் சுவாசக் குழாய் போடுவதே சிரமமாகும். பிள்ளையைக் கை மூடி இறுக்கி, சட்டென விரிக்கச் சொல்லி, விரல்கள் விரியத் தாமதிக்கின்றனவா என்று பாருங்கள். சிறு வயதில் குறி தெரியாமலும் போகலாம், அதனால் பெற்றோரின் கைகளையும் அதே மாதிரி மூடித் திறக்கச் சொல்லுங்கள்.