நேருவும் சாஸ்திரியும்: சென்னையிலிருந்து ஓர் ஒப்பீடு

ஜவாஹர்லால் நேருவையும் லால் பகதூர் சாஸ்திரியையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் முன்னவரின் தொலைநோக்கையும் பின்னவரின் எளிமையையும் பாராட்டிவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆண்டவரையும் 19 மாதங்கள் மட்டுமே ஆண்டவரையும் குணநலன்களை வைத்து எடைபோடுவது எளிது. ஆனால் முடிவுகளை யாரைக் கேட்டு எடுத்தார்கள், யாரைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று பார்க்கும்போதுதான் இருவரின் ஆட்சிமுறையும் பிரிந்து தெரிகிறது. அப்படிப் பார்ப்பதற்குச் சென்னை வசதியான இடம். மொழி, உணவு, இலங்கை மலையகத் தமிழர் என்ற மூன்று விஷயங்களிலும் டெல்லி எடுத்த முடிவுகளின் பலன் நேராக இங்கேதான் வந்து இறங்கியது.

நேரு கட்சியையும் அரசையும் தம் சொல்லின் செல்வாக்கால் நடத்தியவர். 1955 ஜனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக ஏற்றது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையை அவரே திறந்துவைத்தார். 1959-இல் கிண்டியில் ஐ.ஐ.டி. வந்தது. வெளியுறவுத் துறையைக் கடைசி நாள் வரை அவர் வேறு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. சாஸ்திரியோ, அன்றைய காங்கிரஸ் தலைவர் காமராஜர் எம்.பி.க்களிடமும் முதலமைச்சர்களிடமும் கருத்துக் கேட்டு, மொரார்ஜி தேசாயை ஒதுங்கச் செய்து, ஒருமித்த தேர்வாக அமர்த்திய பிரதமர். பதவி கிடைத்த விதமே அவருடைய ஆட்சிமுறையும் ஆயிற்று. வெளியுறவைச் சில வாரங்களிலேயே ஸ்வரண் சிங்கிடம் கொடுத்தார், எல்.கே. ஜா தலைமையில் தமக்கென ஒரு செயலகத்தை அமைத்துக்கொண்டார். நேரு காலத்தில் அமைச்சரவைக்கு இணையாகக் கோலோச்சிய திட்டக் கமிஷனின் செல்வாக்கு குறைந்தது. 1956-இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்த கதையை நம் மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். அது அவருடைய நேர்மைக்குச் சான்றுதான், பிரதமராக அவர் எப்படி ஆண்டார் என்பதற்கு அல்ல.

மொழிப் பிரச்சினையில் இருவர் மீதும் குற்றம் உண்டு. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959 ஆகஸ்டில் நேரு நாடாளுமன்றத்தில் வாக்குறுதி தந்தார். ஆனால் 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தில் அந்த உறுதி முழுமையாக இடம்பெறவில்லை. ஆங்கிலம் 'தொடரலாம்' என்ற அளவிலேயே வாசகம் நின்றது, அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று மாநிலங்களவையில் அண்ணா வாதிட்டும் பயனில்லை. நேரு உயிரோடு இருக்கும்வரை அவர் பேச்சே போதும் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவரோடு போய்விட்டது. அந்த மசோதாவை உள்துறை அமைச்சராக இருந்து கொண்டுவந்தவரே சாஸ்திரி என்பதை அவருடைய அன்பர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இந்தி நாட்டின் முதன்மை ஆட்சிமொழியாகவிருந்த 1965 ஜனவரி 26 நெருங்கியபோது தமிழகம் கொதித்துக்கொண்டிருந்தது. அன்று கோடம்பாக்கத்தில் சிவலிங்கம் தீக்குளித்தார். கல்லூரிகள் மூடப்பட்டன, துப்பாக்கிச் சூடுகள் தொடர்ந்தன, ஏறத்தாழ 70 பேர் மாண்டதாக அரசுத் தரப்பே கணக்குச் சொன்னது. இரண்டு வாரங்களுக்கும் மேலாகப் பிரதமர் உறுதியாக எதையும் சொல்லவில்லை. பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகுதான், நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று வானொலியில் பேசினார். மக்கள் தெருவில் நின்றபோது அசையாதவர், தம் அமைச்சரவைக்குள்ளிருந்து குரல் வந்ததும் இறங்கிவந்தார். அந்த உறுதிக்குச் சட்ட வடிவமோ அவர் காலத்தில் கிடைக்கவில்லை; 1967 தேர்தலில் சென்னையில் காங்கிரஸ் ஆட்சி பறிபோன பிறகு இந்திரா காந்தி கொண்டுவந்த திருத்தத்தில்தான் கிடைத்தது.

உணவு விஷயத்தில் இதே ஆட்சிமுறை நல்ல பலன் தந்தது. இங்கே என் வாக்கு சாஸ்திரிக்கே. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகளுக்கு முன்னிடம் தந்தது. உணவுப் பற்றாக்குறையை 1956 முதல் அமெரிக்காவின் உணவு உதவிச் சட்டமான பி.எல். 480-இன் கீழ் வந்த கோதுமை ஈடுகட்டியது. வேளாண்மைக்கு நேரு நம்பிய மருந்து நிலச்சீர்திருத்தமும் கூட்டுறவும். 1959 நாக்பூர் மாநாட்டின் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் ராஜாஜியைச் சுதந்திராக் கட்சி தொடங்கும் அளவுக்குச் சினமூட்டியது. சாஸ்திரி தம் அமைச்சரவையின் திறமைசாலிகளில் ஒருவரான சி. சுப்பிரமணியத்திடம் உணவுத் துறையைக் கொடுத்து, அவர் சொன்னதைக் கேட்டார். விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, உரம், புதிய விதை என்று சுப்பிரமணியம் கேட்டபோது அந்நியச் செலாவணியைக் காட்டி நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தடுத்தார், சண்டையிட்ட இருவருமே சென்னை மாநிலத்தவர் என்பது ஒரு வேடிக்கை. பிரதமர் சுப்பிரமணியத்தின் பக்கம் நின்றார். 1965 ஜனவரியில் வேளாண் விலைக் கமிஷன் அமைந்தது. அதே மாதம் 14-ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கி, தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. அந்தத் தஞ்சாவூர் நேரு காலத்திலேயே தீவிர வேளாண் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாமே புதிதாய்த் தொடங்கிவிடவில்லை. இருந்தும் சென்னையின் அரிசித் தட்டுப்பாடு உடனே தீரவில்லை. 1967-இல் ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற தி.மு.க.வின் முழக்கம் எடுபட்டதற்குக் காரணம் அதுதான்.

போரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1962-இல் சீனாவிடம் நேரு தடுமாறினார்; 1965 செப்டம்பரில் லாகூர் முனையில் எல்லையைக் கடக்கச் சாஸ்திரி தயங்கவில்லை. நேரு கடைசி ஆண்டுகளில் தொடங்கிய ராணுவ விரிவாக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

இலங்கை விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் இலங்கையின் மக்களே, தாமாக விரும்பிக் கேட்போருக்கு மட்டுமே இந்தியக் குடியுரிமை என்பது நேருவின் நிலை. 1954-இல் இலங்கைப் பிரதமர் கொத்தலாவலையுடன் உடன்பாடு கண்டபோதும், தலைக்கணக்குப் போட்டு ஆட்களைப் பங்கிட அவர் இசையவில்லை. பிரச்சினையை அவர் பத்தாண்டு இழுத்தடித்தார் என்று குறை சொல்லலாம். ஆனால் 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் சாஸ்திரி செய்த ஒப்பந்தம் பங்கீடேதான்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அண்டை நாடுகளோடு பகையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி டெல்லிக்கு அப்போது இருந்தது உண்மை. ஆனாலும் எல்லோரையும் கலந்து பேசுபவர் என்று பெயரெடுத்த பிரதமர், தோட்டத் தொழிலாளரின் தலைவரான தொண்டமானின் சம்மதத்தைப் பெறவில்லை. சுப்பிரமணியத்தைப் போல ராஜினாமாக் கடிதம் நீட்ட அந்த மக்களுக்கு டெல்லியில் ஆளில்லை. அன்றைய இலங்கையில் வாக்குரிமையே பெரும்பாலோருக்கு இருக்கவில்லை.

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம் முடிவதற்குள் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், பின்னாளில் வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்தில் கப்பலிறங்கி மண்டபம் முகாமுக்குச் சென்றார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. ஒருமுறைகூடப் பார்த்திராத 'தாய்நாட்டில்' அவர்கள் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். மிச்சம் வைத்த 1,50,000 பேரை 1974-இல் இந்திராவும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 எனப் பிரித்துக்கொண்டார்கள்.