கோட் சரி, கோடுதான் போகுதில்லை

2021ல இருந்து கோட் எழுத ஒரே எடிட்டரைத்தான் பாவிக்கிறன், எல்லாரும் சும்மா டவுன்லோட் பண்ணிப் பாவிக்கிற அதேதான், பேர் சொல்லேல்ல. கொழும்பில கொள்ளுப்பிட்டி ஒபிசிலயும் அது, வெள்ளவத்தை வீட்டிலயும் அது. நல்ல சாமான். ஆனா ஒரு வியாதி இருக்கு, பிழையைத் திருத்தின பிறகும் சிவப்பு நெளிகோடு அப்பிடியே நிக்கும், சிலநேரம் பிழையே இல்லாத இடத்தில வந்து குந்திக்கொண்டிருக்கும்.

முதல் தடவை கிட் எண்ட, கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவியில பிராஞ்ச் (கோடின்ர வேற பிரதி) மாறின உடன, மேல இருக்கிற, வேற பைலைக் கூப்பிடுற இம்போர்ட் வரியெல்லாம் சிவப்பு, அந்தப் பைலே இல்லையாம். பக்கத்தில போல்டருக்குள்ள பைல் கிடக்கு! வரியை அழிச்சுத் திரும்ப அடிச்சன், பைல் பேரை மாத்தித் திரும்ப மாத்தினன், நோட் மொடியூல்ஸ் எண்ட, இறக்கி வச்ச லைப்ரரிப் போல்டரை முழுக்க அழிச்சுப்போட்டு இன்ஸ்டோல் பண்ணினன், டேட்டா போனதுதான் மிச்சம். கடைசியில பக்கத்து மேசை அண்ணா எட்டிப் பார்த்திட்டு "டேர்மினலில டிஎஸ்சி நோஎமிட் அடிச்சுப் பாரும்" எண்டார், டைப்ஸ்கிரிப்ட் மொழியில எழுதின கோடில பிழை இருக்கோ எண்டு மட்டும் பார்க்கிற கட்டளை அது. அடிச்சன். ஒரு எரரும் இல்லை.

விசயம் என்னெண்டா, எடிட்டர் தானா கோட் வரிகளை வாசிச்சுப் பிழை பிடிக்கிறேல்ல, பின்னால லாங்குவேஜ் சேர்வர் எண்டு தனி ப்ரோசஸ் ஒண்டு ஓடுது. ப்ரொஜெக்ட் எப்பிடி இருக்கெண்டு அது மெமரியில ஒரு படம் வச்சிருக்கும். நாங்கள் எடிட்டருக்குள்ள டைப் பண்ணினா அதுக்கு உடன தெரியும், கிட் வெளியால நிண்டு ஒரேயடியா நூறு பைலை மாத்தினா பைல் மாறுதோ எண்டு பார்த்துக்கொண்டிருக்கிற பைல் வாட்ச்சர் வந்து சொன்னாத்தான் தெரியும், அதில ஒண்டு ரெண்டு தவறினாப் பழைய படத்தை வச்சுக்கொண்டு எங்களோட சண்டை பிடிக்கும். என்ர பழைய லினக்ஸ் லப்டொப்பில இப்பிடிக் கண்காணிக்கக்கூடிய எண்ணிக்கை, ஐநோட்டிஃபை வாட்ச் எண்டுறது, 8192தான், அதை 524288 ஆக்கின பிறகு பாதித் தலையிடி போச்சு.

மிச்சத்துக்கு கன்ட்ரோல் ஷிப்ட் பி அமத்தி ரீஸ்டார்ட் டிஎஸ் சேர்வர், டைப்ஸ்கிரிப்டின்ர அந்த லாங்குவேஜ் சேர்வரைத் திரும்பத் தொடக்கும். அதுக்கும் அசையாட்டி ரீலோட் விண்டோ. மெஷினை நிப்பாட்டிப் போடுறதெல்லாம் வீண்வேலை.

இன்னொண்டு முழுக்க என்ர பிழை. டேட்டா மிச்சம் பிடிக்க எடிட்டர் அப்டேட்டை நிப்பாட்டி வச்சிருந்தன், ப்ரொஜெக்ட்டில டைப்ஸ்கிரிப்ட் 4.9. 2022 கடைசியில வந்த அந்த வேர்ஷனிலதான் சாட்டிஸ்ஃபைஸ் எண்ட சொல்லே வந்தது, எடிட்டரோட வந்த பழைய டைப்ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, சின்டாக்ஸ் எரர் எண்டு நிண்டுது. ப்ரொஜெக்ட்டில இருக்கிறதையே பாவிக்கச் சொல்லி யூஸ் வேர்க்ஸ்பேஸ் வேர்ஷன் எண்டு குடுத்த உடன சரி.

இவ்வளவும் பழகினதாலதான் போன வருசம் வாங்கிக் கட்டினன். மூண்டு மொழி சைட் ஒண்டு, சிங்கள ஜேசன் (சொற்களை மேற்கோள் குறிக்குள்ள எழுதி வைக்கிற டேட்டா) பைலில ஒரு கமாவுக்குப் பக்கத்தில சிவப்பு. எத்தினை தரம் பார்த்தாலும் கமா மட்டும்தான் தெரியுது. வழமையான பொய்தானே எண்டு ரீஸ்டார்ட் பண்ணினன், போகேல்ல, ரீலோட் பண்ணினன், போகேல்ல, சனியன் கிடக்கட்டும் எண்டு எல்லாருக்கும் போற மாதிரிப் புஷ் பண்ணிப்போட்டு 100ஆம் நம்பர் பஸ்ஸில ஏறிட்டன். டேர்மினலில ஒருக்கா ஓடிப் பார்க்கேல்ல, அதுதான் மொக்குவேலை. பம்பலப்பிட்டி வாறதுக்குள்ள போனில மெசேஜ், பில்ட், அதாவது சைட்டைக் கட்டி எடுக்கிற வேலை, உடைஞ்சு போச்சாம்.

சிங்களத்தில ஸ்ரீ எழுதேக்க எழுத்துகளை ஒட்டிறதுக்கு நடுவில கண்ணுக்குத் தெரியாத ஜொயினர் ஒண்டு வரும். வேர்ட் பைலில இருந்து கொப்பி பண்ணி மிச்ச எழுத்துகளை அழிக்கேக்க அது மட்டும் மேற்கோள் குறிக்கு வெளியால தங்கிட்டுது, ஜேசனுக்கு அது ஆகாது. எடிட்டர் பாவம் சின்னப் பெட்டி போட்டும் காட்டியிருக்கு, நான்தான் அதையும் கணக்கெடுக்கேல்ல. வீட்ட வந்து செருப்பும் கழட்டாம லப்டொப்பைத் திறந்து, அந்த வரியை முழுசா அழிச்சுத் திரும்ப அடிச்சன். கோடு போயிட்டுது.