ஒழுகும் வாஷிங் மெஷின்: கம்பெனி சர்வீஸா, ஏரியா மெக்கானிக்கா?

வாரண்டி முடிந்த மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கத் தொடங்கினால் சென்னையில் மூன்று வழிகள் உண்டு. கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்கு அழைக்கலாம். பக்கத்துத் தெருவில் பிரிட்ஜ், ஏசி, மெஷின் எல்லாம் பார்க்கிற மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இரண்டும் வேண்டாமென்றால் பழையதைக் கொடுத்துவிட்டு எக்ஸ்சேஞ்சில் புதியது வாங்கலாம். மடிப்பாக்கத்தில் போர் தண்ணீரில் ஓடும் எங்கள் வீட்டு பிரன்ட் லோடு மெஷினுக்காக இந்த மூன்றையும் விசாரித்துவிட்டு மெக்கானிக்கிடம்தான் கொடுத்தோம். மெஷின் இப்போது ஒழுகாமல் ஓடுகிறது. ஆகவே நான் அவர் கட்சி என்று வைத்துக்கொண்டே மேலே படிக்கலாம்.

யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும், தண்ணீர் எந்த நேரத்தில் வருகிறது என்று முதலில் பார்த்துவைக்க வேண்டும். தண்ணீர் நிரம்பும்போதே சொட்டினால் குழாயும் இன்லெட் பைப்பும் சேரும் இடத்து வாஷர், அல்லது சோப்புத் தட்டு. துவைக்கும்போது முன்பக்கம் வழிந்தால் கதவு ரப்பர். அதன் கீழ் மடிப்பை விரித்துப் பார்த்தால் ஊக்கோ சில்லறையோ கிழித்த தடம் தெரியும். நுரை பொங்கி வழிந்தால் மெஷினில் கோளாறே இருக்காது, கையால் துவைக்கும் பவுடரைப் போட்டிருப்பீர்கள். தண்ணீர் வெளியேறும்போது வந்தால் டிரெயின் பம்ப், அதன் பில்டர் மூடி, டிரெயின் பைப் ஆகிய மூன்றில் ஒன்று. மெஷின் அணைந்திருக்கும்போதே டிரம்முக்குள் தண்ணீர் சேர்ந்தால் இன்லெட் வால்வு சரியாக மூடவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழாயை மூடிவிட்டு இதில் பாதியை நாமே பார்த்துவிடலாம். வாஷர் மாற்றுவதற்கெல்லாம் ஆள் வைத்து விசிட்டிங் சார்ஜ் கொடுப்பது வீண்.

வாரண்டி இருந்தால் கம்பெனிதான், அதில் பேச்சே இல்லை. ஆனால் கடையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் பத்து வருட வாரண்டி பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும். ஒழுகுவது ரப்பரும் சீலும். அவற்றுக்கான காப்பு பொதுவாக முதல் இரண்டு வருடங்களோடு முடிந்துவிடும். வேகம், கட்டணம் இரண்டிலும் என்ன வித்தியாசம் என்று சென்னையில் வசிப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பெனி ஆள் பில் தருவார், அதில் ஜிஎஸ்டியும் சேரும். மெக்கானிக் மாலையிலேயே வந்து நிற்பார், ரசீது மட்டும் இருக்காது.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றுகிறாரா, அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்கிறாரா என்பதுதான் அது. குழாய், பைப், கதவு ரப்பர் வரை இந்தக் கேள்வி எழாது. மெஷினின் பின்பக்கம் கசிந்து, ஸ்பின் ஓடும்போது லாரி ஏறுவதுபோல் இரைச்சலும் வந்தால் அங்கேதான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

துணி சுற்றும் டிரம்முக்கு வெளியே தண்ணீரைத் தாங்கும் பிளாஸ்டிக் டப் ஒன்று இருக்கிறது. டிரம்மின் முதுகில் மூன்று கால் கொண்ட ஓர் அலுமினியச் சட்டம்; அதன் நடுவிலிருந்து ஒரு தண்டு டப்பின் பின்சுவரைத் துளைத்து வெளியே வருகிறது. அந்தத் துளையில் இரண்டு பேரிங்குகளும், தண்ணீர் அவற்றைத் தொடாதபடி உள்பக்கம் ஓர் ஆயில் சீலும் இருக்கும். சீலின் மெல்லிய ரப்பர் உதடு தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் வரை எல்லாம் சரி. அந்த உதடு தேய்ந்துவிட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும், கிரீஸ் கரையும், துரு ஏறும், பிறகு இரைச்சல். பின்மூடியைக் கழற்றினால் டப்பின் மேல் பழுப்பு நிறத்தில் வழிந்த கோடுகள் தெரியும். கதவைத் திறந்து டிரம்மைக் கையால் மேலே தூக்கிப் பார்த்தாலே போதும், கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது.

உப்புத் தண்ணீர் இதை விரைவுபடுத்துகிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. போர் தண்ணீருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் தெரியாது. பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளையாகத் திட்டு விடும் தண்ணீர் சீலின் உதட்டிலும் அதே திட்டை விட்டு, அதைச் சொரசொரப்பாக்கிவிடும். செம்பரம்பாக்கம், புழல் ஏரிகளின் தண்ணீரோ நெம்மேலியில் சுத்திகரித்த கடல்நீரோ மெட்ரோ குழாயில் வரும் வீட்டுக்கும், போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் ஒரே தொட்டியில் கலக்கும் வீட்டுக்கும் மெஷினின் ஆயுள் ஒன்றாக இருக்காது.

எங்கள் வீட்டுக்கு வந்த கம்பெனி டெக்னீஷியன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சீல் தனியாக வராது சார், டப் மொத்தமாக மாற்ற வேண்டும்" என்றார். எஸ்டிமேட் புதிய மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். கம்பெனி அவருக்குத் தரும் பாகப் பட்டியலில் டப் ஒரே பொருளாகத்தான் இருக்கிறது. மெக்கானிக் யுடிலிட்டி பால்கனியில் சாக்கை விரித்து மெஷினைப் பிரித்துப் போட்டார். பழைய சீலை நெம்பி எடுத்து விரலால் தடவச் சொன்னார். உள்விளிம்பு முழுக்க அரிசிமாவு காய்ந்ததுபோல் உப்பு. "ரப்பர் கிழியவில்லை சார், உப்பு தின்றுவிட்டது" என்றார். பேரிங்கின் ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அதே எண்ணில் இரண்டும், அளவு பார்த்து ஒரு சீலும் வாங்கிவந்தார். தண்டில் சீல் உட்காரும் இடத்தை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அதைச் செய்யாமல் புதிய சீல் போட்டால் சொரசொரப்பு அதையும் அரித்துவிடுமாம். கூலியும் பாகமும் சேர்த்து, டப் எஸ்டிமேட்டில் பாதியைக்கூடத் தொடவில்லை.

இந்த வழி எல்லா மெஷினுக்கும் ஒத்துவராது. எங்களுடையது திருகு போட்டு மூடிய டப். புதிய மாடல்கள் பலவற்றில் டப்பின் இரு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அதை ரம்பத்தால் அறுத்து, வேலை முடிந்ததும் சிலிக்கான் பசையும் திருகும் போட்டுச் சேர்க்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அப்படிச் சேர்த்த டப்பை என் வீட்டில் ஓட்டிப் பார்த்ததில்லை, ஆகவே அதற்கு உத்தரவாதம் சொல்லமாட்டேன். மூன்று கால் சட்டமே அரித்துப் போயிருந்தால் பேரிங் மாற்றியும் பயனில்லை, அதையும் மாற்ற வேண்டும்.

கம்பெனி ஜெயிக்கிற இடங்களும் உண்டு. கதவு ரப்பர் மாடலுக்கு மாடல் மாறும். மெக்கானிக் கொண்டுவரும் 'அதே மாதிரி' ரப்பர் ஒரு நூல் மாறினாலும் மறுபடி ஒழுகும். அதற்கு மாடல் எண்ணைச் சொல்லி அசல் ரப்பரைக் கம்பெனியிடம் வாங்கி, மெக்கானிக்கை மாட்டச் சொல்வதுதான் நான் கண்ட நடுவழி. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுவரை தண்ணீர் போயிருந்தாலும் கம்பெனியைத்தான் அழைப்பேன்.

டாப் லோடு பற்றி எனக்கு அவ்வளவு அனுபவமில்லை. அம்மா வீட்டு செமி ஆட்டோமேட்டிக்கில் ஸ்பின் டப்புக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீல் போனால் தண்ணீர் நேராகக் கீழே ஸ்பின் மோட்டார் பக்கம் இறங்கும். அதை மெக்கானிக் நின்ற இடத்திலேயே மாற்றிவிட்டுப் போவார். அதற்குக் கம்பெனியை அழைத்ததாக எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

எக்ஸ்சேஞ்ச் எனக்கு உவப்பில்லை. வாங்கப்போகும் புதிய மெஷினுக்கும் அதே தொட்டியிலிருந்து அதே உப்புத் தண்ணீர்தான் ஏறும். பழையதற்கு எங்களுக்குச் சொன்ன விலை இரும்புக் கடை விலையைவிடச் சற்றே அதிகம். மூன்று கால் சட்டமும் அரித்து, போர்டிலும் கோளாறு என்று இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டுமே அந்தப் பக்கம் போவேன்.

மெக்கானிக்கிடம் கொடுப்பவர்கள் கூலி பேசும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பின்மூடியை மாட்டுவதற்கு முன் ஈரத்துணி போட்டு ஸ்பின் வரை ஒருமுறை முழுதாக ஓட்டிக் காட்ட வேண்டும், பணம் அதற்குப் பிறகுதான். எங்கள் மெக்கானிக் மறுபேச்சுப் பேசாமல் ஒரு காபி கேட்டு வாங்கிக்கொண்டு, அது முடியும்வரை பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தார்.