காரைக்குடி பக்கம் விற்கும் ‘முதலாண்டு எலக்ட்ரிக்கல் பேக்கேஜ்’: பணம் கட்டுமுன் படியுங்கள்

இந்த வருடம் பிள்ளையை இன்ஜினியரிங்கில் ட்ரிபிள் ஈ, ஈசிஈ சேர்த்திருக்கும் காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கத்துப் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். கவுன்சிலிங் முடிந்த கையோடு மண்டபத்தில் ஸ்டால் போட்டு ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். விலை 7,500 ரூபாய். நோட்ஸ் கட்டு, வீடியோ நிறைந்த பென்டிரைவ், சிமுலேஷன் சாப்ட்வேர், செய்து பார்க்க ஒரு கிட். என் தங்கை மகனுக்காக வாங்கினாள். வயரிங், மோட்டார் ரீவைண்டிங்தான் எனக்குத் தொழில். அதனால் பெட்டி என் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

அவர்கள் நோட்டீசில் சிக்ரி, அதாவது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகக் கட்டடத்தின் படம் பெரிதாக இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு அது ஒன்றே போதும். அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட ஆய்வகம். பாட்டரி, துருப்பிடித்தல் என்று மின்வேதியியல் ஆராயும் இடம் அது. முதலாண்டுப் பையனுக்கு கிட் செய்துகொடுப்பது அதன் வேலையே இல்லை. படத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நோட்டீசில் ஒரு வரி கிடையாது. அதுதான் சாமர்த்தியம்.

வீடியோக்கள் ஐஐடி பேராசிரியர்கள் என்பிடெல் என்ற ஆன்லைன் தளத்துக்காக நடத்திய பாடங்கள். மூலையில் இருக்கும் முத்திரை மேல் தங்கள் லோகோவை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு வீடியோவில் ஒட்ட மறந்துவிட்டார்கள், அதில்தான் பிடிபட்டது. என்பிடெல்லில் இந்தப் பாடங்களை யாரும் காசில்லாமல் பார்க்கலாம், சேரலாம்; சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் கட்டணம். சாப்ட்வேருக்கு ‘லைசென்ஸ்’ என்று சீட்டில் தனியாக 1,500 ரூபாய் போட்டிருந்தது. திறந்து பார்த்தால் எல்டிஸ்பைஸ். அனலாக் டிவைசஸ் கம்பெனி தன் தளத்தில் இலவசமாகவே கொடுப்பது. நோட்ஸ் மங்கலான ஜெராக்ஸ். தெவினின் தேற்றம் பாதிக் கணக்கில் நின்று, அடுத்த பக்கம் டையோடு தொடங்குகிறது.

இதுவரை பணம்தான் போச்சு. கிட் விஷயம் அப்படியில்லை.

அதில் ஒரு 12-0-12 டிரான்ஸ்பார்மர் (நடுக்கம்பியிலிருந்து ஒவ்வொரு ஓரத்துக்கும் 12 வோல்ட்), நான்கு டையோடு, 1000 மைக்ரோபாரட் 16 வோல்ட் கபாசிட்டர், வோல்டேஜை ஐந்தில் நிறுத்தும் ஒரு 7805 ஐசி. ஐந்து வோல்ட் பவர் சப்ளை செய்யச் சொல்கிறது நோட்ஸ். படத்தில் டிரான்ஸ்பார்மரின் இரண்டு ஓரக் கம்பிகளையும் பிரிட்ஜுக்கு, அதாவது ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடு இணைப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு டையோடு போடும் சென்டர் டேப் (நடுக்கம்பி) படத்தையும் நான்கு டையோடு பிரிட்ஜ் படத்தையும் யாரோ கலந்து வரைந்திருக்கிறார்கள். ஓரத்துக்கு ஓரம் 24 வோல்ட் ஏசி. கபாசிட்டரில் ஏறுவது அதன் உச்சம்: 24ஐ 1.414ஆல் பெருக்கி, இரண்டு டையோடுக்கு ஒன்றரை வோல்ட் கழித்தால் 32 சொச்சம். தாங்கக்கூடியது 16. நடுக்கம்பியையும் ஒரு ஓரத்தையும் எடுத்திருந்தால்கூட 15, 16 வரும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் இன்னும் கூடத்தான் கொடுக்கும். அங்கே குறைந்தது 25 வோல்ட் கபாசிட்டர் வேண்டும்.

பையன் படத்தில் உள்ளபடியே மாட்டி, சுவிட்சைப் போட்டுக் குனிந்திருக்கிறான். கபாசிட்டர் தலை பிளந்து, சுருட்டிய காகிதம் வெளியே தள்ளி, வளவு முழுக்க மீன் நாற்றம். அவன் அப்பத்தா தீபாவளி வெடியைக் கொளுத்திவிட்டான் என்று கத்தினார்களாம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

அதைவிட மோசம் அந்த டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கம். மெல்லிய இரட்டை வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். பியூஸ் இல்லை, மூட ஒரு டப்பா இல்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகள் எத்தனையில் இன்னும் மரச்சட்ட வயரிங் ஓடுகிறது, எத்தனை பிளக்கில் எர்த் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் இதைச் சொருகச் சொல்லிப் பதினெட்டு வயதுப் பையனிடம் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. பிசி547 டிரான்சிஸ்டரின் கால்களை நோட்சில் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். தட்டையான பக்கம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். திருப்பி மாட்டினாலும் அது கொஞ்சம் வேலை செய்யும், எல்ஈடி மங்கலாக மினுக்கும். "நான்தான் மாமா எங்கயோ தப்பு பண்றேன்" என்று பையன் ராத்திரியெல்லாம் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

போன் செய்தால், "சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்லீங்க, உங்க பையன் கனெக்ஷன் மாத்திக் குடுத்திருப்பாரு" என்கிறார்கள். சீலை உடைக்காமல் கிட்டை எப்படிச் செய்து பார்ப்பது? ஜிஎஸ்டி பில்லும் இல்லை, வெள்ளைச் சீட்டுதான். அந்தச் சீட்டையும் ஜிபே ரசீதையும் வைத்து 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் பதிந்திருக்கிறோம். மசியவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

பையன் இப்போது பால்ஸ்டாட் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் படிக்கிறான். பிரவுசரிலேயே ஓடும், காசு கிடையாது. கரண்ட் மஞ்சள் புள்ளிகளாக நகர்வது கண்ணுக்குத் தெரியும், பிளஸ் வோல்டேஜ் பச்சை, மைனஸ் சிவப்பு. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்சும் இலவசம்தான். கையால் செய்ய ஒரு பிரெட்போர்டு, ரெசிஸ்டர்கள், எல்ஈடி, 9 வோல்ட் பாட்டரி வாங்கிக் கொடுத்தேன். முதல் செமஸ்டருக்குப் பாட்டரியே போதும், 230 வோல்ட் பக்கம் போக வேண்டாம்.

ஏற்கனவே வாங்கியவர்கள் டிரான்ஸ்பார்மரைச் சொருகாதீர்கள். சீட்டையும் பெட்டியையும் தூக்கிப் போடாமல் வையுங்கள், புகாருக்கு வேண்டும். அடுத்த ஸ்டால் தேவகோட்டையில் என்று கேள்வி. பச்சை பேனர், அதே சிக்ரி படம்.