மூக்கடைப்புக்கு எது சரி: மாத்திரையா, சொட்டு மருந்தா, ஸ்பிரேயா?

காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துத் தும்மல், மூக்கில் நீர் ஒழுகல், ராத்திரி படுத்தால் அடைப்பு. மாசக்கணக்கில் இப்படியே போனால் அது வெறும் ஜலதோஷம் இல்லை, பெரும்பாலும் அலர்ஜிதான்.

பாவம், பழி முழுக்கச் சளிக்கு. அது எப்போதும் சுரப்பதுதான்: பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் உப்பு, வழவழப்புக்கு மியூசின். உள்ளே வரும் தூசியை ஒட்டிப் பிடிக்கும், நுண்ணிய முடிகள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளும், நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம். மெத்தையில் இருக்கும் தூசி உண்ணி மாதிரி ஒன்று ஒத்துக்கொள்ளாதபோதுதான் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் உடம்பிலேயே கிளம்பி, நீராகக் கொட்ட வைக்கிறது. அடைப்பு வேறு கதை. அங்கே வழியை மறிப்பது பெரும்பாலும் வீங்கிய சவ்வுதான், அதனால் எவ்வளவு சிந்தினாலும் திறக்காது.

இந்த ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்டிரிசின் மாத்திரை தும்மல், அரிப்பு, ஒழுகல் மூன்றையும் ஒரு மணி நேரத்தில் அடக்கும். அடைப்பில் பெரிதாக ஒன்றும் செய்யாது, சிலருக்குத் தூக்கமும் வரும்.

சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து பத்தே நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும், அதுதான் வில்லங்கமே! ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கிறது, ஆனால் ஐந்து நாளைத் தாண்டி விட்டுக்கொண்டே இருந்தால் மருந்தின் வேகம் இறங்கியதும் முன்னைவிட மோசமாக அடைக்கும், மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. தலையணைக்கடியில் அந்தக் குப்பி இல்லாமல் நானும் ஒரு காலத்தில் தூங்கியதில்லை.

தினமும் அடைப்பவர்களுக்கு என் ஓட்டு ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் வகை ஸ்டீராய்டு ஸ்பிரேக்குத்தான். ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறோம், ஆனால் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. சிக்கல் என்னவென்றால் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், நம் ஆட்கள் மூன்றாம் நாளே வேஸ்ட் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்புறம், இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். வலது கையால் இடது மூக்கில், காதுப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும்.

அதற்கு முன் உப்புத் தண்ணீரால் கழுவினால் நல்லது, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீராக இருக்கட்டும், குழாய்த் தண்ணீரில் அமீபா ஆபத்து உண்டு. ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரே பக்கம் விடாமல் அடைத்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ இந்த ஒப்பீட்டையெல்லாம் மறந்துவிட்டு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.