போல் ஃபார்ம் வுட்காக் மாலை: குல்லா இருந்தால் போகலாம்

நியூ ஜெர்சியில் மார்ச் மாதத்தை வசந்தம் என்பவர்களை நான் நம்புவதில்லை. வுட்காக் என்ற பறவை நம்புகிறது. அதன் ஆட்டத்தைக் காட்ட இங்குள்ள ஒரு பறவைக் கழகம் லாரன்ஸ் டவுன்ஷிப்பின் போல் ஃபார்முக்கு இலவசமாகக் கூட்டிப்போகிறது. பெயர் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ரேடியோ வழியாக டெலிபோன் பேச, 1929இல் ஏடி அண்ட் டி கம்பெனி கம்பங்கள் நட்ட நிலம் இது. இப்போது புல்வெளி. வெளிச்சம் இருக்கும்போதே செந்தோள் கரும்பறவைகள் கத்தித் தீர்த்தன. ஈரப் பள்ளங்களில் குட்டித் தவளைகளின் கச்சேரி வேறு.

வழிகாட்டி தொழில் தெரிந்தவர். எல்லோரையும் பாதையிலேயே மேற்கே பார்த்து நிற்கவைத்தார். சூரியன் இறங்கிய பிறகும் அந்தப் பக்கத்து வானத்தில் மட்டும் பறவையின் உருவம் தெரியும் என்பதற்காக. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு புல்லுக்குள்ளிருந்து ‘பீய்ன்ட்’ என்று ஒரு சத்தம்.

“யாருக்குடா மூக்கடைச்சிருக்கு?” என்றாள் அம்மா.

அடுத்த நிமிடம் ஆள் மேலே. சுற்றிச் சுற்றி இருநூறு, முந்நூறு அடி ஏறுகிறது. அப்போது கேட்கும் கிணுகிணுப்பு தொண்டையிலிருந்து வருவதில்லை. இறக்கை நுனியில் உள்ள மூன்று ஒல்லி இறகுகளில் காற்று புகுந்து எழுப்புவது. உச்சிக்குப் போனதும் கொஞ்சிக்கொண்டே கோணல்மாணலாக இறங்கி, கிட்டத்தட்ட கிளம்பின இடத்திலேயே உட்கார்ந்து மறுபடி ‘பீய்ன்ட்’. இத்தனையும் பெட்டையை மயக்க.

“பொம்பளை வந்தாளா இல்லையா, அதைக் கேளு.” வழிகாட்டியிடம் கேட்டேன். இருட்டில் நமக்குத் தெரியாது என்று சிரித்தார்.

குறை இல்லாமல் இல்லை. கூட்டம் அதிகம், வழிகாட்டி கிசுகிசுத்தது பின்வரிசைக்கு எட்டவே இல்லை. ஒருவர் அரை மணி நேரமும் போன் திரையை வெளிச்சம் போட்டே வைத்திருந்தார். கண் இருட்டுக்குப் பழகும் நேரத்தில் அது பெரிய தொல்லை. பார்க்கிங்கிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். அவரால்தான் ஒரு நட்சத்திரம் போச்சு, நாலு தருகிறேன்.

பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குல்லாவும் கையுறையும் கட்டாயம். புல்லில் இறங்காதீர்கள், உண்ணி ஏறும். சும்மா நிற்க மாட்டாத குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.