தொலைவழிப் பள்ளியில் செபம்: நேரலையா, ஒலிப்பதிவா, வீட்டார் பொறுப்பா?

2020ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டு, 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் முடங்கியபோது, கத்தோலிக்கப் பள்ளிகளுக்குப் பாடத்தைப் பற்றிய கவலையோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. காலைக் கூடுகையில் சொல்லும் செபம், வகுப்பு தொடங்குமுன் வரையும் சிலுவை அடையாளம், நண்பகலின் மூவேளைச் செபம், அவ்வப்போது பள்ளி முழுவதும் ஒன்றுகூடிப் பங்கேற்கும் நற்கருணை வழிபாடான திருப்பலி என்று யாரும் தனியே திட்டமிடாமலேயே நடந்துவந்தவை எல்லாம் ஒரே வாரத்தில் நின்றுபோயின. அவற்றைத் தொலைவிலிருந்தபடி தொடர்வதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருந்தன. காணொளிக் கூட்டத்தில் நேரலையாகச் செபிக்கலாம். முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பலாம். செபத்தாளை அனுப்பிவிட்டு, செபத்தைக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கலாம். இனி எப்போது பள்ளி மூடப்பட்டாலும் இதே கேள்வி திரும்ப எழும் என்பதால், இம்மூன்றையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

எந்த வழி அதிக மாணவர்களைச் சென்றடைகிறது என்பதை வைத்தே பல பள்ளிகள் முடிவெடுத்தன. அது தேவையான கேள்விதான் என்றாலும் முதன்மையான கேள்வி அதுவன்று என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் செபத்தில் மாணவருக்குச் செய்வதற்கு ஏதேனும் இருக்கிறதா, அவருடைய மன்றாட்டைப் பள்ளி தன் மன்றாட்டாக ஏற்றுச் சொல்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

நேரலையிலிருந்து தொடங்கலாம். அதன் பெரிய பலம், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்தில் இருக்கிறோம் என்ற உணர்வு. அதன் பெரிய பலவீனம், கத்தோலிக்கச் செபத்தின் வழக்கமான வடிவத்தோடு கருவி ஒத்துப்போகாமை. நம் பொதுச் செபங்களில் பெரும்பகுதி ஒருவர் தொடங்க மற்றவர்கள் சேர்ந்து முடிக்கும் அமைப்புடையவை. காணொளிக் கூட்டத்திலோ ஒவ்வொருவர் குரலும் ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்தே மற்றவரைச் சென்றடைகிறது. பல குரல்கள் ஒன்றாக எழும்போது மென்பொருள் ஒன்றிரண்டு குரல்களை மட்டும் தெரிவுசெய்து, மற்றவற்றை இரைச்சலாகக் கருதி அடக்கிவிடுகிறது. செபமாலையில் ஆசிரியர் “அருள் நிறைந்த மரியே” என்று தொடங்கி முதல் பாதியை முடித்ததும், நாற்பது வீடுகளிலிருந்து “புனித மரியே” என்ற பதில் நாற்பது வெவ்வேறு கணங்களில் வந்து சேர, செபமாலையின் இரண்டாவது மணியை எட்டுவதற்குள்ளேயே செபம் குலைந்துவிடும். மூன்றாவது மணியில் ஆசிரியர் எல்லோருடைய ஒலிவாங்கியையும் அடைத்துவிடுகிறார். அதன்பின் பத்துப் பத்து மணிகளாக அமைந்த ஐந்து பகுதிகளையும், அதாவது ஐந்து பத்துமணிகளையும், ஆசிரியர் தனியாகவே சொல்லிமுடிக்க, மாணவர்கள் கேட்பவர்களாக மாறிவிடுகிறார்கள். கூட்டுச் செபத்திற்கென்று தெரிவுசெய்த வழி கூட்டுச் செபத்தையே இப்படி முறித்துவிடுவது வேதனையானது.

ஆனால் ஒரே குரலும் அதைத் தொடரும் மௌனமும் போதுமான செபங்களுக்கு நேரலை மிகப் பொருத்தமாக அமைகிறது. ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளிகள் தொடங்கிய புனித ஜான் பாப்திஸ்து தெ லசால் மரபில் வந்த பள்ளிகளில், இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவுகூர்வோம் என்று ஒருவர் அழைக்க, எல்லோரும் சற்று நேரம் அமைதி காப்பது வழக்கம். இந்தச் செபத்திற்கு இணைப்பின் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு மாணவர் நற்செய்தியிலிருந்து நான்கைந்து வரிகளை வாசிப்பதும், இன்னொருவர் ஒரு மன்றாட்டைச் சொல்வதும் அவ்வாறே தடையின்றி நடக்கும். அன்றாடம் மாறி மாறி ஒவ்வொரு மாணவர் வழிநடத்த, ஐந்து நிமிடத்தில் முடியும் வகுப்பளவிலான செபத்தையே நான் பரிந்துரைப்பேன். பள்ளி முழுவதையும் ஒரே இணைப்பில் சேர்த்து நடத்தும் நேரலைக் கூடுகை கணக்கில் பெரிதாகத் தெரிந்தாலும், அதில் எந்தக் குழந்தைக்கும் சொல்வதற்கு ஒரு சொல்கூட இருப்பதில்லை.

மன்றாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நேரலையின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது. எழுத்து அரட்டைப் பெட்டியில் ஒரு மாணவி “தாத்தாவை ஆக்ஸிஜனில் வைத்திருக்கிறார்கள்” என்று ஒரே வரி எழுதுகிறாள். வகுப்பறையில் கையுயர்த்தி இதைச் சொல்லியிருக்க மாட்டாள்; ஒலிவாங்கியைத் திறந்தும் சொல்லியிருக்க மாட்டாள். ஆசிரியர் அந்த வரியை வாசித்து, அவள் தாத்தாவின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி வகுப்போடு சேர்ந்து மன்றாடும்போது, அவள் துயரத்தின் ஒரு பங்கை வகுப்பு தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. பதிவுசெய்து அனுப்பும் காணொளி, அது எவ்வளவு அழகாக எடுக்கப்பட்டிருந்தாலும், இதைச் செய்ய இயலாது. இங்கே ஒரு கவனம் தேவை. நோய், கடன், பெற்றோரின் வேலையிழப்பு போன்றவற்றை எல்லோரும் பார்க்கும் பெட்டியில் எழுதவைக்காமல், ஆசிரியருக்கு மட்டும் தெரியும்படி அனுப்பச் சொல்லி, வீட்டாரின் இசைவோடு மட்டுமே வாசிக்க வேண்டும். செபத்தின்போது ஒளிப்படக்கருவியைத் திறந்துவைக்குமாறு கட்டாயப்படுத்துவதும் கூடாது. ஒரே அறையில் வாழும் குடும்பத்திற்கு அது செபநேரம் ஆகாது, சோதனைநேரமாகிவிடும்.

பதிவுக்கு வருவோம். ஒரே கைப்பேசியைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பிறப்புகளுக்கும், பெற்றோர் வேலையிலிருந்து திரும்பிய பிறகே இணைப்பு கிடைக்கும் குழந்தைகளுக்கும் நேரலை என்பது மூடிய கதவு. அவர்களுக்குப் பதிவு ஒன்றே வழி. அதிலும் காணொளியைவிட ஒலிப்பதிவே மேலானது என்று தயக்கமின்றிச் சொல்வேன். மூன்று நிமிட ஒலிப்பதிவு மிகச் சிறிய கோப்பு. மெதுவான இணைப்பிலும் வந்து சேரும். நாள் முழுவதும் திரையைப் பார்த்துச் சோர்ந்த கண்கள் மூடியபடி கேட்கலாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம ஆய்வு இதற்கெனவே அமைந்ததுபோல் பொருந்துகிறது. நாளுக்காக நன்றி கூறி, அருள்ஒளியைக் கேட்டு, நடந்தவற்றை மனத்தில் ஓட்டிப் பார்த்து, தவறுக்கு மன்னிப்பு வேண்டி, நாளைய நாளை ஒப்படைக்கும் அந்த ஐந்து படிகளுக்கும் இடையே பேசுபவர் போதிய மௌனம் விட்டால், கேட்பவர் தன் செபத்தைத் தானே செய்கிறார். புனித தொன் போஸ்கோ ஏழைச் சிறுவர்களுக்காக நடத்திய தம் இல்லங்களில் இரவு செபத்தின் முடிவில் பிள்ளைகளுக்குச் சில நிமிடங்கள் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தினார். அதை ஒலிப்பதிவாக மாலையில் அனுப்புவதும் அந்த மரபுக்கு ஏற்றதே. குரல் பள்ளி முதல்வருடையதாகவோ, குழந்தை அறிந்த ஆசிரியருடையதாகவோ இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் யாரோ ஒருவரின் மெருகேற்றிய செபக் காணொளியை அப்படியே பகிர்ந்துவிடும் பள்ளி, தன் பிள்ளைகளோடு செபித்ததாகச் சொல்ல முடியாது.

திருப்பலியை இந்த ஒப்பீட்டில் தனியே வைக்க வேண்டும். 2020 மார்ச் 9 முதல் மே 17 வரை திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் தாம் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்தில் நாள்தோறும் நிறைவேற்றிய திருப்பலி நேரலையாக ஒளிபரப்பானது. நற்கருணையை நேரில் பெற முடியாமல் பார்ப்பவர்கள் அதை மனத்தால் பெற வேண்டும் ஆன்மீக நற்கருணைச் செபத்தையும் அவர் சொல்லிவந்தார். அதே திருத்தந்தைதான் ஏப்ரல் 17ஆம் நாள் மறையுரையில், மக்களும், நற்கருணை போன்ற அருளடையாளங்களும் இல்லாமல் இறைவனோடு கொள்ளும் நெருக்கம் ஆபத்தானது என்றும், இந்த நிலை கடந்துசெல்ல வேண்டிய சுரங்கப்பாதையே தவிர அதிலேயே தங்கிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்பதைத் திருப்பீடத்தின் சமூகத் தொடர்புப் பணிக்கான அவை 2002ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தது. எனவே நேரலைத் திருப்பலியை வருகைப்பதிவோடு கட்டாயமாக்குவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. சிறுவர் திருப்பலிக்கான 1973ஆம் ஆண்டு வழிகாட்டி ஏடு, குழந்தைகள் பாடல், உடலசைவு, மௌனம் ஆகியவற்றின் வழியாகப் பங்கேற்பதை வலியுறுத்துகிறது. சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பதில் இவற்றுள் எதுவும் இல்லை. அன்றைய நற்செய்தியை வகுப்பில் வாசித்து, ஆன்மீக நற்கருணைச் செபத்தைச் சேர்ந்து சொல்வது சிறியதாயினும் நேர்மையானது.

மூன்றாவது வழி, வீட்டாரிடம் ஒப்படைப்பது. செபமாலைக்கு இதுவே மிகச் சிறந்தது. இணைப்பில் குலைந்த அதே பதில் வீட்டு அறையில் தாமதமின்றி ஒலிக்கிறது. 2020 ஏப்ரல் 25ஆம் நாள் எழுதிய மடலில் திருத்தந்தை, மே மாதத்தில் வீட்டில் செபமாலை சொல்லும் அழகை மீண்டும் கண்டுகொள்ளுமாறு அழைத்ததும் இந்த உணர்வோடுதான். குடும்பத்தை இல்லத் திருஅவை, அதாவது வீட்டிலேயே அமைந்த திருச்சபை, என்று ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது அலங்காரத்திற்காக அன்று. ஆனால் ஆறு பக்கச் செபத்தாளை அனுப்பிவிட்டு, மாலையில் செபித்ததற்குச் சான்றாகப் புகைப்படம் கேட்கும் பள்ளி, ஏற்கெனவே களைத்த தாய்க்கு இன்னொரு வீட்டுப்பாடத்தையே தருகிறது. ஒரு பக்கத்தாள், ஒரே ஒரு பத்துமணி, புகைப்படம் எதுவும் வேண்டாம் என்ற குறிப்பு ஆகியவை போதும்.

கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களின் குடும்பங்களும் இருக்கிறார்கள். பல பள்ளிகளில் அவர்களே பெரும்பான்மை. பள்ளி வளாகத்தில் அந்தக் குழந்தை மரியாதையோடு எழுந்து நிற்பது ஒன்று. அதே செபம் அவர்கள் வீட்டு அறைக்குள் ஒலிப்பது வேறு. நேரலைச் செபத்திற்குப் பின் பாடம் எப்போது தொடங்கும் என்பதை முன்னரே அறிவித்து, விரும்புவோர் செபத்திற்கும் மற்றவர்கள் பாடத்திற்கும் இணைய வழிசெய்வது அவர்களுக்கு நாம் காட்ட வேண்டிய மரியாதை. ஒலிப்பதிவும் செபத்தாளும் இந்த நெருக்கடியை உண்டாக்குவதில்லை.

இம்மூன்று வழிகளிலும் அகப்படாத குழந்தைகள் எல்லாப் பள்ளியிலும் சிலர் இருக்கிறார்கள். இணைப்பில் வருவதில்லை, பதிவைத் திறப்பதில்லை, செபத்தாள் அவர்களைச் சென்றடைந்ததா என்பதும் தெரிவதில்லை. அவர்களுக்குச் சாதாரணத் தொலைபேசி அழைப்பே செபத்தின் வடிவம். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டு, அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, வீட்டார் விரும்பினால் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சேர்ந்து சொல்லிவிட்டு வைக்கலாம். இரண்டே குரல்கள் என்பதால் அது குலைவதும் இல்லை. ஓர் ஆசிரியர் தம் வகுப்பு முழுவதையும் இப்படி அழைத்து முடிக்கப் பல நாட்கள் ஆகும் என்பதால், பட்டியலை அகரவரிசையில் தொடங்காமல், பல நாட்களாகக் காணாமற்போன பெயர்களிலிருந்து தொடங்க வேண்டும்.